காலிக் கட்டிலுக்கு யார் பணம் கட்டுவது?

தஞ்சோங் மாலிமில் செம்பனை எங்கே முடிகிறது, தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, எங்கே தொடங்குகிறது என்பது வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டே இருக்கிறது. போன வருஷம்வரை தோட்டமாக இருந்த இடத்தில் தகரவேலி அடைத்து, புத்தகத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளின் படத்தோடு பெரிய பலகை ஒன்றை நட்டுவிடுகிறார்கள். நவீன மாணவர் தங்குவிடுதி, அறைகள் விற்பனைக்கு, மூன்று வருஷத்துக்கு உத்தரவாத வாடகை. இந்த மாதிரிப் பலகைகளைப் பார்க்கும்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வருகிறது. அந்த விடுதியில் ஒரு கட்டில் காலியாகக் கிடந்தால், அதற்கான பணத்தை யார் கட்டப்போகிறார்கள்?

பல ஆண்டுகள் வங்கியில் கட்டுமானக் கடன் பிரிவில் வேலை பார்த்தேன். தனியார் பணத்தில் மாணவர் விடுதி கட்டுவதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997-இல் பல்கலைக்கழகமான உப்சிதான் இந்த ஊரின் மூச்சு. ஊருக்குள் ஒரு வளாகம், புரோட்டோன் சிட்டி பக்கம் இன்னொன்று. நம் தமிழ்ப்பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இங்கே படித்துப் போனவர்கள். வளாகத்துக்குள் இடம் கிடைக்காத பிள்ளை எங்கேயாவது தங்கித்தான் ஆகவேண்டும். நல்ல விடுதியை ஒரு நிறுவனம் கட்டி, அதில் நியாயமான லாபமும் பார்த்தால் நல்லதுதான். ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களில் ஆபத்து, அதைத் தடுக்கக்கூடியவர் கையில் நிற்பதே இல்லை. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கைமாறி, காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் தலையில் வந்து இறங்குகிறது. எங்கள் ஊரில் அவர் ஒரு மாணவராக இருப்பார், இல்லையென்றால் சேமநிதிப் பணத்தை எடுத்துப் போட்ட தோட்டத் தொழிலாளியாக இருப்பார்.

முதலில் ஒரு கணக்கு. இதில் வரும் எண்கள் எந்தத் திட்டத்துடையவையும் அல்ல, விளக்கத்துக்காக நான் வைத்தவை. 200 கட்டில் உள்ள ஒரு விடுதி. நிலம், கட்டடம், தளவாடம் எல்லாம் சேர்த்துக் கட்டிலுக்கு 35,000 வெள்ளி (ரிங்கிட்) என்றால் மொத்தம் 70 லட்சம். அதில் 70 விழுக்காடு, அதாவது 49 லட்சம், வங்கிக் கடன். 15 வருஷத் தவணை, 5.5 விழுக்காடு வட்டி. மாதத் தவணை ஏறக்குறைய 40,000, வருஷத்துக்கு 4,80,000. பாதுகாவலர், துப்புரவு, தண்ணீர், மின்சாரம், இணையம், பழுதுபார்ப்பு, மதிப்பீட்டு வரி, காப்புறுதி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 2,80,000 என்று வைத்துக்கொள்வோம். ஆக வருஷத்துக்கு 7,60,000 வெள்ளி உள்ளே வந்தே ஆகவேண்டும்.

கட்டிலுக்கு மாத வாடகை 400. விளம்பரக் கையேட்டில் 200 கட்டில், 12 மாதம், 9,60,000 வெள்ளி என்று போட்டிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மாணவர்கள் 12 மாதம் இருக்கமாட்டார்கள். நீண்ட விடுமுறையைக் கழித்தால் 10 மாதம். இப்போது வருமானம் 8,00,000. மிச்சம் வெறும் 40,000. ஒரு கட்டில் வருஷத்துக்கு 4,000 தருகிறது, அப்படியானால் 10 கட்டில் காலியானால் அந்த மிச்சமும் போச்சு. இருபது கட்டில் காலியானால் வருஷத்துக்கு 40,000 கைநட்டம். இருநூறில் இருபது என்பது ஒரு மாடியின் ஓர் ஓரம்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விடுதி நிரம்பி வழிவதுபோலத்தான் தெரியும்.

இதோடு வட்டியையும் சேர்த்துப் பாருங்கள். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம் 2022 மே மாதத்துக்கு முன்னால் 1.75 விழுக்காடாக இருந்தது. ஒரே வருஷத்தில், 2023 மே மாதம், 3 விழுக்காட்டுக்கு ஏறியது. நம் விடுதியின் கடன் வட்டி ஒரு விழுக்காடு கூடினால் வருஷத் தவணை 30,000-க்கு மேல் கூடும். அது எட்டுக் கட்டிலின் வாடகை. யாருடைய தப்பும் இல்லாமல், ஒரு மாணவர்கூட வெளியேறாமல், எட்டுக் கட்டில் காலியானதற்குச் சமம். வட்டியை முதல் சில வருஷங்களுக்காவது நிலையாகப் பேசி முடிக்காத திட்டத்தை நான் இருந்த பிரிவில் தயங்கித்தான் பார்ப்போம்.

சரி, கட்டில் ஏன் காலியாகிறது? விடுதி நடத்துபவர் கழிவறையைச் சுத்தமாக வைக்கவில்லை, பேருந்து விடவில்லை என்றால் அது அவருடைய பொறுப்பு. ஆனால் பெரிய காரணங்கள் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கின்றன. எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எத்தனை வருஷம் வளாகத்துக்குள் தங்கலாம் என்கிறார்கள், புதிதாகத் தாங்களே விடுதி கட்டுகிறார்களா, எந்தப் பாடத்தை இணையத்துக்கு மாற்றுகிறார்கள். எங்கள் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு. ஆசிரியர் கல்வி படிக்கும் பிள்ளைகள் ஒரு பருவம் பள்ளிகளுக்குப் பயிற்றுப்பணிக்குப் போய்விடுவார்கள். சிலர் கெடாவுக்கு, சிலர் ஜொகூருக்கு. அந்த மாதங்களில் அவர்கள் இங்கே ஏன் வாடகை கட்டவேண்டும்? வெளியூரிலிருந்து வந்து விடுதி கட்டுபவர் இதைத் தம் கணக்கில் சேர்த்திருக்கிறாரா என்று கேட்டால் முகத்தைப் பார்த்தே பதில் தெரிந்துவிடும்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இது எல்லோருக்கும் புரிந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள், பாடம் இணையத்துக்குப் போனது, மாணவர்களை நம்பி வீடு வாங்கிப் போட்டவர்கள் வங்கித் தவணையோடு நின்றார்கள். இங்கேயும் அப்படித்தான், வடக்கே துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தை நம்பியிருக்கும் கம்பாரிலும் அப்படித்தான். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கதை இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே பொதுப் பல்கலைக்கழக விடுதிகளை நீண்டகால ஒப்பந்தத்தில் நடத்திய தனியார் நிறுவனம், தொற்றுக்காக விடுதியில் தங்கும் எண்ணிக்கையைத் தன்னிச்சையாகக் குறைக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று நிர்வாகத்துக்குக் கடிதமே எழுதியது. அந்த நிறுவனத்தைக் கெட்டவர்கள் என்று சொல்லி முடித்துவிட முடியாது. அவர்களும் கடன் பத்திரக்காரர்களுக்குப் பணம் கட்டவேண்டியவர்கள். ஒப்பந்தம் எழுதிய நாளில் காலிக் கட்டிலைப் பற்றித் தெளிவாகப் பேசி முடிக்காததால், ஒரு நோய்க்காலத்தில் பிள்ளைகளின் உடல்நலமும் கடன் தவணையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார நேர்ந்தது.

நம் அரசாங்கம் இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறது. 9-ஆவது மலேசியத் திட்டத்தில், அதாவது 2006-க்குப் பிறகு, தனியார் நிதி முனைவு என்ற பெயரில் வந்தது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பல வளாகங்கள் இப்படி எழுந்தவை. தனியார் நிறுவனம் கடன் வாங்கிக் கட்டும், பராமரிக்கும், கடைசியில் ஒப்படைக்கும். பொதுவாக 3 வருஷம் கட்டுமானம், 20 வருஷம் பராமரிப்பு. அரசு மாதாமாதம் வாடகை மாதிரி ஒரு கட்டணம் செலுத்தும். கட்டடம் பயன்படுத்தும் நிலையில் இருந்தால் போதும், கட்டிலில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது நிறுவனத்தின் கவலை இல்லை. வங்கிக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் கவலை மறைந்துவிடவில்லை, வரி கட்டுபவர் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2018 மே மாதம் நிதியமைச்சு நாட்டின் கடனும் பொறுப்புகளும் 1.087 லட்சம் கோடி வெள்ளி என்று அறிவித்தபோது, அதில் 20,140 கோடி வெள்ளி இப்படிப்பட்ட பொது-தனியார் திட்டங்களுக்குக் கட்டவேண்டிய வாடகைதான். பள்ளி, மாணவர் விடுதி, சாலை, காவல் நிலையம், மருத்துவமனை என்று பட்டியலும் சொன்னார்கள். அத்தனை பெரிய தொகை அதுவரை கடன் கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது.

என் கருத்து இதுதான்: இரண்டு முனையும் சரியில்லை. மாணவர் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் பல்கலைக்கழகம் ஒரு பங்கை ஏற்கவேண்டும். இத்தனை கட்டிலுக்கு நாங்கள் மாணவர்களை அனுப்புகிறோம், குறைந்தால் அந்தக் குறையை ஈடுகட்டுகிறோம் என்று எழுத்தில் தரவேண்டும். இருநூறில் நூற்றைம்பதுக்கு அப்படி ஒரு கடிதம் இருந்தால்கூடப் போதும், வட்டியே குறையும். மிச்ச ஐம்பதை நிரப்புவது நடத்துபவரின் பாடு. அப்போதுதான் அவருக்கும் கழிவறையைச் சுத்தமாக வைக்கும் அக்கறை இருக்கும். நூற்றுக்கு நூறு உத்தரவாதம் கொடுத்தால் அந்த அக்கறை போய்விடும். பல்கலைக்கழகமும் கையிருப்பைக் காப்பாற்ற, பிடிக்காத பிள்ளைகளையும் அங்கேயே தங்கச் சொல்லி வற்புறுத்தும்.

கட்டுமானத் தாமதத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஆனால் மாணவர் விடுதியில் அதன் விலை வேறு. சாதாரணக் கட்டடம் ஒரு மாதம் தாமதமானால் ஒரு மாத வாடகை போகும். விடுதி அக்டோபர் சேர்க்கையைத் தவறவிட்டு நவம்பரில் திறந்தால், பிள்ளைகள் எல்லாம் வேறிடத்தில் முன்பணம் கட்டி உட்கார்ந்திருப்பார்கள். போவது ஒரு வருஷ வாடகை. ஆகவே குத்தகையாளரின் ஒப்பந்தத்தில் தாமதத் தண்டத்தை நாள் கணக்கில் மட்டும் போட்டால் பயனில்லை, சேர்க்கை நாளோடு கட்டவேண்டும். ஆகஸ்டில் கட்டட நிறைவுச் சான்றிதழ் கையில் இருக்கும்படி அட்டவணை போடவேண்டும்.

நிலத்தைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்று இருக்கிறது. தோட்ட நிலத்தின் பட்டாவில் விவசாயம் என்று இருக்கும். அதைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றவோ துண்டு போடவோ தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதியும் தேவை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, லயத்துக் குடும்பங்கள் தெருவுக்கு வந்த காலத்துக்குப் பிறகு கொண்டுவந்த பிரிவு அது. பலகை நட்டாகிவிட்டது, அறைக்கு முன்பதிவும் வாங்குகிறார்கள், பட்டாவில் இன்னும் விவசாயம் என்றுதான் இருக்கிறது என்றால், உங்கள் பணம் அந்த அனுமதிக்காகக் காத்துக் கிடக்கப்போகிறது. நில அலுவலகத்தில் பட்டாத் தேடல் செய்ய அதிகச் செலவாகாது. யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

இப்போது பணம் போடுபவர்கள். பேராங் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் வரிசையில் குடியிருக்கிறார். கையேட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, ஏழு பெர்சென்ட் குடுக்குறான். சேமநிதியில சில வருஷம் ஆறுகூட வரல. போடலாமா?"

"மூணு வருஷத்துக்கு அப்புறம் என்னண்ணே?"

"அப்புறம் மார்க்கெட் வாடகைன்னு போட்டிருக்கான்."

இரண்டு கட்டில் உள்ள ஓர் அறை, விலை 1,50,000 வெள்ளி. ஏழு விழுக்காடு என்றால் வருஷத்துக்கு 10,500. அண்ணனோடு உட்கார்ந்து அந்தக் கையேட்டின் பின்பக்கத்திலேயே எழுதிப் பார்த்தோம். இரண்டு கட்டில், 400 வீதம், 10 மாதம். முழுசாக நிரம்பினாலும் 8,000தான். பராமரிப்புச் செலவு கட்டிலுக்கு 1,400 என்று கழித்தால் கையில் நிற்பது 5,200. அவர்கள் தருவதாகச் சொல்வதோ 10,500. மீதி 5,300 எங்கிருந்து வரும்? மூன்று வருஷத்துக்கு ஏறக்குறைய 16,000 வெள்ளியை முன்கூட்டியே அறையின் விலையில் ஏற்றி வைத்து, அண்ணனின் காசையே அண்ணனுக்கு வாடகை என்று திருப்பித் தருகிறார்கள். நான்காவது வருஷம் உண்மையான வருமானம் மூன்றரை விழுக்காட்டுக்கும் கீழே. அதற்குள் நடத்தும் நிறுவனம் கடையை மூடிவிட்டால் அதுவும் இல்லை. தனியாக ஓர் அறையை வைத்துக்கொண்டு அண்ணன் என்ன செய்வார்? மின்தூக்கிக்கும் பாதுகாவலருக்கும் தனியாளாகச் சம்பளம் கொடுக்க முடியுமா?

அண்ணன் கொஞ்ச நேரம் அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "தோட்டத்துல நம்ம ஆளுங்க சேந்து வாங்குனாங்களே, அதுமாதிரி இல்லையா இது?" என்று கேட்டார். அவர் சொன்னது 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை. அங்கே தொழிலாளர்கள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனார்கள். நிலம் சங்கத்தின் பெயரில், ஓட்டு உறுப்பினர் கையில். இங்கே நீங்கள் ஓர் அறைக்குச் சொந்தக்காரர், விடுதியை யார் நடத்துவது என்பதில் உங்களுக்குக் குரல் இருக்கிறதா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பலரிடம் பணம் திரட்டி, ஒன்றாக நடத்தி, லாபம் தருவதாகச் சொல்லும் திட்டமாக இருந்தால் அது 2016-ஆம் ஆண்டின் பங்கேற்புத் திட்டங்களுக்கான சட்டத்தின்கீழ் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவாக வேண்டும். பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது. அதில் நான் யாரோடும் பேரம் பேசமாட்டேன். 2017 செப்டம்பர் 14 விடியற்காலையில் கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளியின் விடுதி எரிந்து 23 உயிர்கள் போயின, பெரும்பாலும் சிறுவர்கள். தீயை யாரோ வைத்தார்கள், ஆனால் ஜன்னலில் இரும்புக் கம்பி, வெளியே வர வழியில்லை. 2019 நவம்பரில் இங்கிலாந்தின் போல்டன் நகரில் தனியார் மாணவர் விடுதி ஒன்றில் தீ வெளிச்சுவர்ப் பூச்சுப் பலகைகளைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று ஏறியது. அங்கே எல்லோரும் தப்பினார்கள். செலவைக் குறைக்கவேண்டும் என்ற நெருக்கடி வரும்போது முதலில் கை வைப்பது கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான்: தீத்தடுப்புக் கதவு, புகை உணரி, இரண்டாவது படிக்கட்டு, சுவருக்கு உள்ளே போகும் பொருள். திருடனுக்குப் பயந்து நாம் ஜன்னலுக்குக் கம்பி அடிக்கிறோம், அதை உள்ளிருந்து திறக்கும்படி அடிப்பதில்லை. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் அறையின் மெத்தையை அழுத்திப் பார்ப்பதற்கு முன்னால், அந்த மாடியின் இரண்டாவது படிக்கட்டு வரைக்கும் நடந்து போய், கதவைத் தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால் வேறு விடுதி பாருங்கள்.

மாணவர் பக்கமும் சொல்லியாக வேண்டும். என் தங்கை மகள் வேறோர் ஊரில் தங்கிப் படித்த தனியார் விடுதியில் வைப்புத்தொகையாக வாங்கிய பணத்தை, படிப்பு முடிந்ததும் சுவரில் கீறல், மெத்தையில் கறை என்று சொல்லிக் கடைசிவரை தரவில்லை. உள்ளே நுழைந்தபோது எடுத்த படங்களை அவள் காட்டினாள், பதிலே வரவில்லை. பணம் உண்மையில் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். மாணவர்களின் வைப்புத்தொகையை நடப்புச் செலவோடு கலந்துவிட்டால், கட்டில் காலியாகும் மாதத்தில் அதை எடுத்துத்தான் மின்கட்டணம் கட்டுவார்கள். ஆக, மேலே நான் போட்ட கணக்கில் விழுந்த ஓட்டையைப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் பணம் அடைக்கிறது. இதற்கு மருந்து சுலபம்: வைப்புத்தொகை தனிக் கணக்கில், நிறுவனம் தொடமுடியாதபடி. அதோடு, பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனை நம்பி வரும் பிள்ளைக்கு முதல் பருவத்தில் பணம் கைக்கு வரத் தாமதமாகும். அந்த மாதங்களுக்குத் தவணை கொடுக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே திட்டத்தில் வைக்காத விடுதி, பாக்கி விழுந்ததும் பெட்டியைத் தூக்கி வெளியே வைக்கும்.

இவற்றைத் தவிர, நான் கடன் மேசையில் இருந்தபோது விடாமல் கேட்ட இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஆறு மாதத் தவணைக்கு ஈடான பணம் கடன் எடுக்கும்போதே ஒதுக்கி வைக்கவேண்டும். அப்புறம், வருஷா வருஷம் வாடகையிலிருந்து ஒரு பகுதி பெரும் பழுதுகளுக்கென்று சேரவேண்டும். பத்தாவது வருஷம் தண்ணீர்க் குழாயும் மின்தூக்கியும் ஒன்றாகக் கெடும், அப்போது கையில் காசு இல்லாத விடுதி சரிந்துகொண்டே போகும். எங்கள் ஊருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. புரோட்டோன் கார் தொழிற்சாலை 2003-இலிருந்து இங்கே ஓடுகிறது, அதைச் சுற்றித் தொழிலும் வளர்கிறது. மாணவர் குறைந்தால் ஒரு மாடியைத் தொழிலாளர்களுக்கு விடலாம் என்று முதலிலேயே அறைகளை வரைந்தால், காலிக் கட்டிலின் கடி கொஞ்சம் குறையும். ஆனால் முதலாளி வழியாகத் தொழிலாளர்களைத் தங்கவைக்க 446-ஆவது சட்டத்தின்படி தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் வேண்டும். 1990-இல் வந்த அந்தச் சட்டம் தோட்டத்து லயங்களின் நிலைமைக்காகவும் எழுந்தது என்பது நம் ஆட்களுக்கு நினைவிருக்கட்டும். ஆளுக்கு எவ்வளவு இடம் என்ற அளவுகள் அதில் உண்டு, கட்டி முடித்தபிறகு சுவரை இடித்து அதைச் சரிசெய்ய முடியாது.

அண்ணன் இன்னும் பணம் போடவில்லை. அவரும் எங்கள் வரிசையில் இன்னும் சில குடும்பங்களும் சேர்ந்து அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம்: பட்டா நகல், நிறுவன ஆணையப் பதிவு, தீயணைப்புப் படையின் ஒப்புதல் பெற்ற வரைபடம், வாடகை வைப்புத்தொகை எந்தக் கணக்கில் இருக்கும் என்ற விவரம், மாணவர் எண்ணிக்கை பற்றிப் பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்த கடிதம். பட்டா நகல் வந்துவிட்டது, கட்டட நிலமாக மாற்றியிருக்கிறார்கள், அது நல்லது. வரைபடம் அடுத்த வாரம் என்கிறார்கள். பல்கலைக்கழகக் கடிதம் பற்றிக் கேட்டால் மட்டும், வாய்மொழியாகப் பேசியாகிவிட்டது என்கிறார்கள். எழுத்தில் வரும்வரை காத்திருக்கிறோம்.